செங்கல் மீது ஒரு சத்தியம்!

ஒரு மர்ம நாவலுக்கு என்னவெல்லாம் வேண்டும்? பெரிய அரண்மனை ஒன்று. அதில் கணவனை இழந்து தனியாக நிற்கும் ஒரு பெண். அவளுடைய சொத்தின் மீது கண் வைத்திருக்கும் ஒரு உறவுக்காரர். ஊருக்குப் புதிதாக வந்து சேரும், பேச்சிலேயே ஆளைச் சொக்க வைக்கிற ஒரு மர்ம மனிதன். நடுவே ஒரு சத்தியம், ஒரு துரோகம். திடீரென்று ஒருநாள் அந்தப் பெண் காணாமல் போகிறாள். அவளுக்கு அந்த ஆள் மீது காதல் இருந்ததா இல்லையா என்பது மட்டும் கடைசிப் பக்கம் வரை பிடிபடவே கூடாது!

இந்த நாவலுக்கு லொகேஷன் தேடி ஊட்டி, கொடைக்கானலுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. திருச்சி பாலக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள், போதும். ஒரு ஆட்டோ பிடித்தால் கதை நடந்த இடங்களை எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஏனென்றால், இது நாவல் இல்லை. நிஜமாக நடந்தது!

வருடம் 1732. மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் காலமானார். ('மதுரை' நாயக்கர் என்று பெயர்தான். அப்போது தலைநகரம் திருச்சி!) பாட்டி ராணி மங்கம்மாளின் மடியில் வளர்ந்து, பாட்டிக்குப் பிறகு 1706-ல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் அவர். பக்திமான். கோயில்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தவர். ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் போனால், ஆளுயரத்தில் வண்ணம் பூசிய சிலையாக, கூப்பிய கையோடு அவர் நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம். பக்கத்தில் ராணியும் நிற்கிறார்.

கோயில் கணக்கில் குறையே வைக்காத மன்னர், அரண்மனைக் கணக்கை மந்திரிகளிடம் விட்டுவிட்டார். விளைவு? அவர் கண்ணை மூடியபோது நாடு இருந்தது, கோட்டை இருந்தது, ஆனால் கட்டிக் காக்கும் பலம் கரைந்து போயிருந்தது. வாரிசும் கிடையாது.

இந்த நிலைமையில்தான் மனைவி மீனாட்சி பொறுப்புக்கு வந்தார். சொந்தக்காரர் பையன் ஒருவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டு, அவன் பெயரில் ஆட்சி நடத்துவது என்று முடிவானது. மங்கம்மாளும் சின்னப் பேரனை வைத்துக்கொண்டு இப்படித்தான் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆண்டார். அதே அரண்மனை, அதே ஏற்பாடு. அப்புறம் மீனாட்சிக்கு மட்டும் என்ன கஷ்டம்?

கஷ்டம் அந்தப் பையனின் அப்பா ரூபத்தில் வந்தது! பெயர் பங்காரு திருமலை. 'மகனைச் சுவீகாரம் கொடுத்தோம், சந்தோஷம்' என்று அவர் சும்மா இருக்கவில்லை. "பிள்ளை என்ன, நானே ராஜா ஆகிறேனே!" என்று கிளம்பிவிட்டார். மங்கம்மாளுக்கு நரசப்பய்யா என்கிற நம்பகமான தளபதி கிடைத்தார். மீனாட்சிக்கு அப்படிப்பட்ட கொடுப்பினை இல்லை. அவருடைய தளவாயே பங்காருவின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

இனிமேல்தான் மர்ம மனிதன் உள்ளே வருகிறார்.

அசல் பெயர் ஹுசைன் தோஸ்த் கான். ஊர் உலகத்துக்கு சந்தா சாகிப். ஆற்காடு நவாப் தோஸ்த் அலியின் மாப்பிள்ளை. 1734-ல் நவாபின் மகன் சஃப்தர் அலியும் இவரும் ஒரு படையோடு தெற்கே கிளம்பினார்கள். போகிற வழியில் உள்ள ராஜ்யங்களிடம் கப்பம் வசூலிப்பதுதான் வேலை. சுருக்கமாகச் சொன்னால், கலெக்‌ஷன் டூர்!

பங்காரு திருமலை நேரே சஃப்தர் அலியிடம் போனார். "ராணியை இறக்கிவிட்டு என்னை ராஜா ஆக்கினால் முப்பது லட்சம் ரூபாய்" என்று பேரம் பேசினார். சஃப்தர் அலி திருச்சிக் கோட்டையை நிமிர்ந்து பார்த்தார். அதைப் பிடிப்பதென்றால் மாசக்கணக்கில் ஆகும். எனவே, சண்டையெல்லாம் போடாமல், "நீதான் ராஜா" என்று வாயால் மட்டும் தீர்ப்பு சொன்னார். முப்பது லட்சத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். தீர்ப்பை நிறைவேற்றும் வேலையை மச்சானின் தலையில் கட்டிவிட்டு ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்!

சந்தா சாகிப் கோட்டைக்கு வெளியே. மீனாட்சி உள்ளே. இப்போது ராணி ஒரு காய் நகர்த்தினார். "அவர் முப்பது லட்சம்தானே சொன்னார்? நான் ஒரு கோடி தருகிறேன். நான்தான் அரசி என்று நீங்கள் அறிவிக்க வேண்டும்."

1734-ல் ஒரு கோடி!

சந்தா சாகிப் உடனே சம்மதித்தார். ஆனால், மீனாட்சி ஏமாளி இல்லை. வெறும் வாய் வார்த்தை போதாது, குர்ஆன் மீது கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். பட்டுத்துணியில் பத்திரமாகச் சுற்றப்பட்ட ஒன்று கொண்டுவரப்பட்டது. அதன் மேல் கை வைத்து, வாக்குத் தவற மாட்டேன் என்று சத்தியம் செய்தார் சந்தா சாகிப். கோட்டைக் கதவு திறந்தது.

துணிக்குள் இருந்தது குர்ஆன் இல்லை... ஒரு செங்கல்!

அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய பலரும் இந்தச் செங்கல்லை விடாமல் சொல்கிறார்கள். இந்தக் கதையை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்யத் துணிந்த ஒருவர் எதற்காக மெனக்கெட்டு செங்கல் தேட வேண்டும்? புனித நூலின் மேல் கை வைத்துப் பொய் சொல்ல அவருக்குப் பயம். ராணியை ஏமாற்றப் பயம் இல்லை!

ஆச்சரியம் என்னவென்றால், உடனடியாக எந்த விபரீதமும் நடக்கவில்லை. சந்தா சாகிப் பணத்தோடு ஆற்காட்டுக்குத் திரும்பினார். பங்காரு திருமலை மதுரைக்குப் போய், அந்தச் சீமையையும் திருநெல்வேலியையும் கவனித்துக்கொண்டார். ராணி அவரைத் தீர்த்துக்கட்ட முயலவில்லை. என்ன இருந்தாலும் பிள்ளையின் அப்பா!

1736. சந்தா சாகிப் மறுபடி வந்தார். கதவு மறுபடியும் திறந்தது.

இந்த முறை அவர் திரும்பிப் போகவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நிர்வாகம் அவர் கைக்கு மாறியது. பிறகு தெற்கே படை நடத்திப் போய், அம்மையநாயக்கனூர் பக்கம் பங்காருவைத் தோற்கடித்து, சிவகங்கைக்கு விரட்டினார். மதுரையும் திருநெல்வேலியும் கைக்கு வந்தாயிற்று. இனி வேஷம் எதற்கு? ராணியை அவருடைய அரண்மனையிலேயே வைத்துப் பூட்டினார். "இனி நான்தான் இந்நாட்டுக்கு அதிபதி" என்று அறிவித்தார்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் போன மீனாட்சி திரும்ப வெளியே வரவில்லை. விஷம் குடித்து இறந்துபோனார் என்கிற செய்திதான் வந்தது. அது 1736-லேயே நடந்தது என்பார் சிலர், இரண்டு மூன்று வருடம் கழித்து என்பார் சிலர். இருநூறு ஆண்டு ஆண்ட மதுரை நாயக்கர் வம்சத்தின் கடைசி அரசி இறந்த தேதியில்கூட ஒற்றுமை இல்லை.

அது சரி, அந்தக் காதல்?

'ராணிக்கு சந்தா சாகிப் மீது காதல். அதனால்தான் கண்மூடித்தனமாகக் கதவைத் திறந்துவிட்டாள்' என்று ஒரு பேச்சு உண்டு. இந்த வதந்தி ஊர் வாயோடு நிற்காமல், வெள்ளைக்கார அதிகாரிகள் தொகுத்த ஜில்லா கெஜட்டியர் வரைக்கும் ஏறிவிட்டது! கேட்க சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஒரு அரசி தோற்றுவிட்டால், உடனே காரணத்தை அவளுடைய இதயத்தில் தேடுகிறோம். ராஜாக்கள் தோற்றால் மட்டும் படை பலத்தையும் கஜானாவையும் கணக்குப் பார்க்கிறோம்!

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்த விவகாரத்தில் காதல் கடிதத்தைவிட அந்த இரண்டு பத்திரங்கள்தான் கண்ணில் படுகின்றன. முப்பது லட்சம் - ஒரு கோடி. ராணியின் கையில் என்ன இருந்தது? பணம் கொடுக்கும் சக்தி, ஒரு பலமான கோட்டை. என்ன இல்லை? விசுவாசமான தளபதி, வெளியே போய்ச் சண்டை போட ஒரு படை. இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்கப் பார்த்தார். எதிரி ஏற்பாடு செய்த ஆளையே மூன்று மடங்குக்கு மேல் கொடுத்துத் தன் பக்கம் இழுத்தார். எழுத்தில் ஒரு ஒப்பந்தம், அதற்கு மேல் அந்த ஆள் மதிக்கும் புனித நூலின் மீது சத்தியம். அன்றைக்கு இருந்த ஒரே கியாரண்டி அதுதான். ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப் போட ஹைகோர்ட்டா இருந்தது? சந்தா சாகிப்பின் மேலதிகாரி ஆற்காடு நவாப். அவரோ சொந்த மாமனார்!

இரண்டாவது முறை ஏன் கதவைத் திறந்தார்? முதல் முறை வந்தவர், வாங்கிக்கொண்டு சொன்னபடி திரும்பிப் போனாரே! தவணை ஒழுங்காகக் கட்டியவருக்கு மறுபடி கடன் கொடுப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

சந்தா சாகிப்பை நம்பியது அவர் ஒருவர் மட்டும்தானா என்றும் பாருங்கள். அவரைச் சந்தித்துப் பேசுவதற்காகவே வீரமாமுனிவர் பாரசீகமும் உருதும் படித்ததாக ஒரு மரபுக்கதை இருக்கிறது. 1741-ல் மராட்டியப் படை திருச்சியைப் பிடித்து சந்தா சாகிப்பைச் சிறைக்குக் கொண்டுபோனபோது, அவருடைய குடும்பத்துக்கு அடைக்கலம் கொடுத்தது பாண்டிச்சேரி. அவர் 1748-ல் விடுதலையானதும், சாமர்த்தியசாலி என்று பெயரெடுத்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளே தன் மொத்தத் திட்டத்தையும் அவரை நம்பித்தான் போட்டார். டூப்ளே நம்பினால் ராஜதந்திரம், மீனாட்சி நம்பினால் காதலா? என்ன நியாயம் இது!

சந்தா சாகிப்பின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1749-ல் ஆம்பூர்ப் போரில் ஜெயித்து ஆற்காட்டுக்கு நவாப் ஆனார். போட்டி நவாப் முகம்மது அலி ஓடி ஒளிந்துகொண்டது எங்கே தெரியுமா? அதே திருச்சிக் கோட்டையில்! அன்று கோட்டைக்குள்ளே போக ஒரு சத்தியம் போதுமானதாக இருந்தது. இந்த முறை எந்தக் கதவும் திறக்கவில்லை. முற்றுகை நீண்டது. கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்க, நிலைமை தலைகீழானது. 1752-ல் பிரெஞ்சுப் படையோடு ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்குள் முடங்கினார் சந்தா சாகிப். சாப்பாட்டுக்கே வழியில்லை.

தப்பிக்க ஒரு வழி தேடினார். எதிரணியில் இருந்த தஞ்சாவூர்த் தளபதி மானோஜி, பணம் பேசிக்கொண்டு, பத்திரமாக பிரெஞ்சுக்காரர்களின் ஊருக்கு அனுப்பி வைப்பதாக ஒப்புக்கொண்டார். வாள் மீது ஆணையிட்டுச் சத்தியமும் செய்தார். அந்தக் காலத்து யுத்தங்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் இதைச் சொல்கிறார். நம்பிப் போன சந்தா சாகிப் கைது செய்யப்பட்டார். அந்த ஜூன் மாதமே தலை வெட்டப்பட்டது. அந்தத் தலையை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டி, திருச்சிக் கோட்டையை ஐந்து முறை சுற்றி வந்தார்கள். ராணிக்கு அவர் சத்தியம் செய்த அதே மண்டபத்தில்தான் அவர் கொல்லப்பட்டார் என்றுகூட ஒரு வழக்கு உண்டு. அவ்வளவு கச்சிதமாக வரலாறு நடந்துகொள்ளுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால், அப்படி நினைத்துக்கொள்வதில் ஊருக்கு ஒரு திருப்தி.

செங்கல் கதையை மத விவகாரமாகப் பேசுகிறவர்கள், வாள் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சத்தியத்தை மீறுவதில் இரண்டு பக்கமும் யாரும் யாருக்கும் சளைக்கவில்லை!

இப்போது பாலக்கரைக்கு வருவோம். அங்கிருந்து மதுரை ரோட்டைப் பிடித்துக் கோட்டைப் பக்கம் போனால் நத்தர்வலி தர்கா. எல்லா மதத்தவரும் வந்து போகும் இடம். சந்தா சாகிப்பின் தலையில்லாத உடல் அங்கேதான் அடக்கமாகி இருக்கிறது. அவரைத் தோற்கடித்த முகம்மது அலியின் சமாதியும் அதே இடத்தில். வாழ்நாள் முழுக்க அடித்துக்கொண்ட இருவரும் பக்கத்தில் பக்கத்தில்!

மலைக்கோட்டையை நெருங்கினால் அரண்மனையின் தர்பார் மண்டபம். அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது. அதற்கும் ராணி மங்கம்மாள் பெயர்தான் வழங்குகிறது. பெயர் சொல்லும்படி நிலைத்துவிட்ட பாட்டி அவர், சந்தோஷம். ஆனால், அதே அரண்மனையில் ஆண்டு, அதே அரண்மனையில் அடைபட்டுச் செத்த பேரன் மனைவியின் பெயரை அங்கே வருகிறவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

மீனாட்சியைத் தேடித்தான் ஆக வேண்டும் என்றால், ஸ்ரீரங்கத்துக்குப் போங்கள். கணவர் பக்கத்தில் அந்த ராணி சிலை கைகூப்பி நிற்கிறது. கோயிலுக்குக் கொடுத்தவரின் மனைவியாகத்தான் அவரை அங்கே பார்க்கலாம். ஒரு கோடி ரூபாய் பத்திரத்தில் தன் பெயருக்கு ராஜ்யத்தை எழுதி வாங்கிய அரசியாகப் பார்க்க எங்கேயும் வழியில்லை. அடுத்த தடவை யாராவது உங்களிடம் 'அந்த ராணி காதலில் ஏமாந்தவள்' என்று ஆரம்பித்தால், "அந்த முப்பது லட்சம், ஒரு கோடி கணக்கு தெரியுமா சார்?" என்று கேளுங்கள். அவருக்கு நம்மால் முடிந்த மரியாதை அதுதான்.