'அல்லன்' என்னும் ஈறும் பட்டர் அருளிய விடையும்

வடமொழியில் மனைவியைக் குறிக்கும் சொற்களுள் 'பார்யா' பெண்பால், 'களத்ரம்' நபும்ஸகம், 'தாரா:' ஆண்பால், அதிலும் பன்மை. குறிக்கப்படுபவள் ஒருத்தியே. அங்கே லிங்கம் சொல்லைப் பற்றி நிற்பது, பொருளைப் பற்றியதன்று. தமிழில் பொருளே திணையையும் பாலையும் வகுக்கிறது. ஞாயிறு, திங்கள் முதலிய சில சொற்கள் அஃறிணை முடிபு கொள்வதைத் தொல்காப்பியம் தனியே எடுத்தோதுகிறது; அவ்வாறு விலக்கு ஓத வேண்டியிருந்ததே பொதுவிதியின் உறுதியைக் காட்டும். தெலுங்கின் வழி வேறு. பெண்ணொருத்தி வந்ததையும் பசு வந்ததையும் அது ஒரே வினைமுற்றால் சொல்லும். பலராகும்போதுதான் பெண்டிர் ஆடவரோடு சேர்ந்து எண்ணப்படுவர்.

இவ்வேறுபாடு வேதாந்த விசாரத்திலும் புகுகிறது. சாந்தோக்யத்தின் ஆறாம் அத்தியாயம் ஜகத்காரணத்தை 'ஸத்' என்று நபும்ஸகமாகத் தொடங்கி, ஸங்கல்பம் சொல்லுமிடத்தில் 'தேவதா' என்று பெண்பாலாக்கி, பின்னர் 'ஆத்மா' என்று ஆண்பாலாக ஓதுகிறது. வஸ்து ஒன்றே, லிங்கம் மூன்று. ஆகவே 'ப்ரஹ்ம' சப்தம் நபும்ஸகமாயிருந்தும் அது புருஷோத்தமனையே சொல்லும் என்று எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் முதல் ஸூத்ரத்திலேயே அருளிச்செய்ததற்கு இலக்கணம் குறுக்கே நிற்கவில்லை.

தமிழில் இத்தனை இடமில்லை. 'அது' என்றால் அஃறிணை. 'அவன்' என்றால் ஆண். தெய்வப் பெயர்க்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறே அதற்கும் வரும் என்று தொல்காப்பியம் விதிக்கும். இந்நிலையில் நம்மாழ்வார் திருவாய்மொழி இரண்டாம் பத்து ஐந்தாம் திருவாய்மொழியின் பத்தாம் பாசுரத்தில் எம்பெருமானுக்கு ஆண்மை, பெண்மை, அலித்தன்மை மூன்றையும் மறுக்கிறார்.

இங்கே ஈடு ஓர் ஐதிஹ்யம் காட்டுகிறது. பட்டர் இப்பாசுரத்தை விளக்கியருளும்போது தமிழ் வல்லார் ஒருவர், உலகில் காணும் மூவகையும் அல்லனாகில் எஞ்சுவது சூன்யமன்றோ என்று கேட்டாராம். மறுக்கும் சொல்லே ஆண்பாலீறு பெற்று 'அல்லன்' என நிற்பதைச் சுட்டி, சொல்லப்படுகிறவன் புருஷோத்தமன் என்று பட்டர் விடையருளினார். விலக்கப்பட்டது உலகத்து ஆண்களோடு ஒத்த ஆண்மையே. விலக்குக்கு எழுவாயாய் நிற்பவன் விலக்குண்ணவில்லை. 'அல்ல' என்று முடிந்திருந்தால் கேட்டவர் ஐயத்துக்கு ஓரளவு இடமிருந்திருக்கும்.

இவ்விடை தமிழில்தான் நிற்கும். ச்வேதாச்வதரம் ஜீவனைப் பற்றி இதே மூன்று மறுப்பையும் சொல்லுகிறது. அங்கும் சுட்டுப்பெயர் ஆண்பாலே. ஆனால் 'ஜீவ' சப்தம் புல்லிங்கமாகையால் சுட்டும் அவ்வாறு வந்தது என்று சொல்லிவிடலாம். அதிலிருந்து பொருளின் தன்மை எதுவும் தேறாது. ஸம்ஸ்க்ருதத்தில் துறைபோன பட்டர் தமிழ்ப் பாசுரத்துக்குத் தமிழிலக்கணத்தையே துணைக்கொண்டது நோக்கத்தக்கது. கேட்டவர் தம் துறையிலேயே விடை பெற்றார்.

ஆழ்வாரும் பால்வகுப்பை அறிந்தே ஆளுகிறார். முதல் திருவாய்மொழியின் முதற் பாசுரம் எம்பெருமானை ஆண்பாற் சுட்டாலேயே மீண்டும் மீண்டும் சொல்ல, நான்காம் பாசுரம் ஆண், பெண், பலர், ஒன்று, பல என்னும் ஐம்பாற் சுட்டுகளையும் நிரலே அடுக்குகிறது. எல்லாப் பொருள்களின் ஸ்வரூபமும் அவனுக்கு அதீனம் என்பது இப்பாசுரத்துக்குப் பூர்வர்கள் கண்ட பொருள். அடுக்கி முடித்து அவனைச் சொல்லுமிடத்தில் ஆழ்வார் இட்ட சொல் 'அவனே' அன்று, 'அவரே'.