மறைவும் மாறாமையும்

மறைத்து எழுதப்பட்ட செய்தி பிறரால் மாற்றப்படாத செய்தியுமாகும் என்று கருதுவோர் பலர். வரலாறு இக்கருத்துக்கு இடந்தரவில்லை.

1586 ஜூலையில், இங்கிலாந்திலே சிறையிருந்த ஸ்கொத்லாந்து அரசி மேரி, அந்தனி பபிங்டனுக்குச் சங்கேத எழுத்தில் மடலொன்று விடுத்தார். எலிசபெத் அரசியின் அமைச்சர் வோல்சிங்கத்தின் கீழ்ப் பணியாற்றிய தோமஸ் பிலிப்ஸ் அச்சங்கேதத்தை விடுவித்தார். அத்துடன் அமையாது, சதியில் ஈடுபட்ட அறுவரின் பெயர்களை வினவும் பின்குறிப்பொன்றையும் அதே சங்கேதத்தில் எழுதிச் சேர்த்தார். எழுதியவர் இன்னார் என்பதற்குச் சங்கேதம் சான்றாகவில்லை. அம்மடல் விசாரணையில் மேரிக்கு எதிராக நின்றது. 1587 பெப்ரவரி 8இல் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

பிலிப்ஸ் சங்கேதத்தை விடுவித்த பின்னரே அதில் கைவைத்தார். பிற்காலத்தில் அத்தேவையும் அற்றுப்போயிற்று. ஒருமுறை மட்டும் பயன்படும் திறவுகோலால் மறைக்கும் முறை உடைக்கவொண்ணாதது என்று குளோட் ஷனன் 1949இல் நிறுவினார். ஆயினும், அம்முறையிற் செல்லும் செய்தியின் ஒரு குறியை இடைவழியிற் புரட்டினால், பெறுநர் வாசிக்கும் செய்தியிலும் அக்குறி புரண்டுவிடும். பொருளறியாதவனும் பொருளைக் கெடுக்கலாம்.

குவாண்டம் தகவலுக்கென 2000ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்ட ஒத்த முறையிலும் இக்குறை நீடித்தது. 2002இல் பார்னம், கிறெப்போ, கொட்டெஸ்மன், சிமித், டாப் ஆகிய ஐவர் இதற்குத் தீர்வு கண்டனர். வழுவைக் காட்டிக்கொடுக்கும் குறிமுறைகள் பலவற்றுள் ஒன்றை இரகசியத் திறவுகோலால் தெரிந்து, மறைத்த செய்தியை அதிற் பொதிந்து அனுப்பினால், இடையில் நிகழ்ந்த மாற்றம் பெறுநரின் சோதனையிற் பெரும்பாலும் வெளிப்படும். மேலும், குவாண்டம் நிலையை அளந்தறிதல் அதனைக் குலைத்தலுமாகும். ஆதலின், அதனை மாறாது காக்கும் எம்முறையும் அதனை மறைத்தே தீரவேண்டும் என்பதையும் அவர்கள் நிறுவினர்.

மறைவு தானாக மாறாமையைத் தருவதில்லை. குவாண்டம் உலகிலோ மாறாமை மறைவையும் உடன்கொணர்கிறது. ஆகவே, காவலை மாறாமையிலிருந்து தொடங்குதலே முறையாகும்.