ஆளில்லா வானூர்தி: துணையோடு வளர்ந்த கலை



"பிள்ளை பெரிய ட்ரோன் கேட்கிறான், வாங்கித் தரலாமா?" என்று பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் வினவுகின்றனர். எதை வாங்குவது, என்ன விலை என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. யாரோடு சேர்ந்து கற்பது என்று எவரும் கேட்பதில்லை. இக்கலையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது விளங்கும்.

இரட்டையரின் முயற்சி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் வாழ்ந்தனர். வால்டருக்கு மாதிரி வானூர்தி கட்டுவதில் நாட்டம். வில்லியமுக்கு வானொலிக் கருவிகளில் நாட்டம். அந்நாளில் வானொலி அலைவழி மாதிரி வானூர்தியை இயக்க, வானொலி ஆர்வலருக்குரிய உரிமம் தேவைப்பட்டது. ஒருவரின் கைத்திறன் மட்டும் போதாது. மற்றவரின் அறிவும் வேண்டும். இருவரும் இணைந்து 1937ஆம் ஆண்டில் 'கஃப்' என்னும் வானூர்தியை வானொலியால் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டனர். அதன் இறக்கை அகலம் ஏறத்தாழ 8 அடி. இன்று அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வானூர்தி, விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

இதற்கு ஓராண்டு முன்னரே, 1936இல், அமெரிக்க மாதிரி வானூர்தி ஆர்வலர்கள் தமக்கென ஒரு சங்கத்தை நிறுவியிருந்தனர். இத்தகைய சங்கங்களில்தான் புதியவர்களைப் பயிற்றுவிக்கும் முறைகள் உருப்பெற்றன. அவற்றுள் ஒன்று நம் ஆசிரியர்களைப் பெரிதும் கவரும். மாணவர் கையில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, பயிற்றுநர் கையில் மற்றொன்று. இரண்டும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். மாணவர் தடுமாறும் கணத்தில் பயிற்றுநர் ஒரு விசையின்வழிக் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு மாற்றிக்கொள்வார். நிலை சீரானதும் மீண்டும் மாணவரிடமே ஒப்படைப்பார். கற்பித்தல் என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் உண்டோ?

புதிய தலைமுறை

இன்று நாம் காணும் பல சுழலி ட்ரோன்களின் கதையும் இத்தகையதே. 2007இல் கிறிஸ் ஆண்டர்சன் என்னும் இதழாசிரியர், தம் பிள்ளைகளோடு பொழுதுபோக்க எண்ணி, லெகோ இயந்திரப் பொம்மையின் உறுப்புகளைக் கொண்டு மாதிரி வானூர்தியைத் தானே பறக்கச் செய்ய முயன்றார். அம்முயற்சியே அவரை ஒத்த ஆர்வலர்களைத் தேட வைத்தது. அப்படிக் கிடைத்தவர்தான் ஜோர்டி முனோஸ். மெக்சிகோவில் பிறந்த அவருக்கு அப்போது வயது 20. கலிபோர்னியாவில் குடியேற்ற அனுமதிக்காகக் காத்திருந்த வேளையில், வீ விளையாட்டுக் கருவியின் உணரிகளைக் கொண்டு பொம்மை ஹெலிகாப்டர் ஒன்றை நிலைப்படுத்தினார் அவர். நேரில் சந்திக்கும் முன்னரே ஆண்டர்சன் அவருக்கு 500 டாலர் அனுப்பி ஊக்கினார். 2009இல் இருவரும் ஒரு நிறுவனத்தையே தொடங்கினர். 2016இல் அந்நிறுவனம் ட்ரோன் தயாரிப்பைக் கைவிட்டது. ஆயினும், ஆர்வலர் பலர் கூடி வளர்த்த 'ஆர்டுபைலட்' என்னும் திறந்த மென்பொருள் இன்றும் வாழ்கின்றது. நிறுவனம் விட்ட பணியைத் தோழமை தொடர்கிறது.

எடை கூடினால் பொறுப்பும் கூடும்

பெரிய வானூர்தி விளையாட்டுப் பொருள் அன்று. 7 கிலோகிராம் எடையுள்ள ஒன்று 60 மீட்டர் உயரத்திலிருந்து கட்டுப்பாடிழந்து விழுவதாகக் கொள்வோம். காற்றின் தடையைக் கருதாவிடில், தரையைத் தொடுகையில் அதன் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். கீழே ஒரு குழந்தை நின்றால் என்னாகும்?

இதனாலேயே சிங்கப்பூரில் 2020 முதல் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. பதிவு செய்பவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். 2021 முதல், 1.5 கிலோகிராமுக்கு மேற்பட்டவற்றைப் பொழுதுபோக்கிற்காகப் பறக்கவிடுவோர் அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 7 கிலோகிராமைத் தாண்டினால் உரிமமும் அனுமதிகளும் தேவை. 200 அடிக்கு மேல் பறக்கவிடவும், விமான நிலையங்களுக்கு 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடவும் தனி அனுமதி பெற வேண்டும்.

எங்கே தொடங்குவது?

முதலில் கணினியில் பாவனைப் பயிற்சி. அடுத்துச் சிறிய ட்ரோன். அதன் பின்னரே பெரியது. இதற்கிடையே, மாதிரி வானூர்தி ஆர்வலர்கள் கூடும் திடலுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். முதல் சில வாரங்கள் அவன் எதையும் பறக்கவிட வேண்டா. மின்கலத்தை எவ்வாறு பேணுகின்றனர், காற்றின் திசையை எவ்வாறு பார்க்கின்றனர், பறக்கவிடும் முன் எவற்றைச் சரிபார்க்கின்றனர் என்று கூர்ந்து நோக்கட்டும். மூத்தவர்களுக்குக் கையுதவி செய்யட்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடமும் சிங்கப்பூர் அறிவியல் நிலையமும் இணைந்து 2009இல் தொடங்கிய பறக்கும் இயந்திரப் போட்டியில் மாணவர்கள் குழுவாகவே பங்கேற்கின்றனர். கடதாசி வானூர்தி முதல் தானியங்கி ட்ரோன் வரை அதில் பல பிரிவுகள் உண்டு.

கடையில் கருவி கிடைக்கும். கட்டுப்பாட்டைத் தக்க நேரத்தில் வாங்கி, தக்க நேரத்தில் திருப்பித் தரும் கை கிடைக்காது. அதைத் தேடித் தருவது பெற்றோராகிய உங்கள் கடன். அத்தகைய கையாக இருப்பது ஆசிரியராகிய நம் கடன்.