மாரிக்கு முன் வீட்டைப் பாருங்கள்
வன்னியில் ஐப்பசி பிறந்தால் மாரி தொடங்கிவிடும். மீள்குடியேறிய கிராமங்களில் செய்தி சேகரிக்கப் போகும்போது, புரட்டாதிக்குள் இந்த வேலைகளைப் பெண்கள் தனியாகவே செய்து முடிப்பதைக் கண்டிருக்கிறேன். அவற்றை இங்கே தொகுக்கிறேன்.

கூரை: பகலில் கதவு, யன்னலைச் சாத்திவிட்டு மேலே பாருங்கள். வெளிச்சம் வரும் இடத்தால் தண்ணீரும் வரும். விலகிய ஓட்டைச் சரிப்படுத்துங்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஏறி மிதிக்க வேண்டாம், உடையும். அதை வெட்டும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு.

சுவர்: 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்குக் கிடைத்தது 550,000 ரூபா. பூச்சு முடியாமல் நிற்கும் சுவர்தான் முதலில் ஈரம் இழுக்கும். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டினால் மேசனைக் கூப்பிடுங்கள்.

வளவு: வாய்க்காலைப் பழைய தடத்திலேயே வெட்டுங்கள். புதிதாகத் துப்புரவாக்கிய நிலத்தில் குப்பை எரிக்காதீர்கள். மண்ணுக்குள் வெடிபொருள் இருந்தால் சூட்டில் வெடிக்கும். சந்தேகமான இரும்பு தென்பட்டால் மண்வெட்டியை அப்படியே விட்டு, பிள்ளைகளை விலக்கி, 119க்கு அறிவியுங்கள். வாய்க்கால் வேலை சில நாள் பிந்தினாலும் பரவாயில்லை.