விமானியர் ஊதிய–பணிவிதிப் பேரம், அமெரிக்கா

விமானியர் சங்கம் விமான நிறுவனத்துடன் கூட்டு ஒப்பந்தம் பேசுகையில் ஊதிய உயர்வையும் பணி விதிகளையும் ஒன்றுக்கொன்று ஈடாக எடைபோடும் தொழிலுறவு நடைமுறை. பறப்பு நேரம், ஓய்வு, விடுப்பு, காத்திருப்புப் பணி, பணிமூப்புவழி அட்டவணைத் தேர்வு ஆகியவை பணி விதிகளில் அடங்கும். விமானிக்குப் பெரும்பாலும் மணிக்கணக்கிலேயே ஊதியம். ஆகவே மணி வீதம் உயர்ந்தாலும், உறுதியளிக்கப்பட்ட மாத மணிநேரம் குறைந்தால் வருமானம் சரியும். விதிகள் தளர்ந்தால் அதே அட்டவணையைக் குறைந்த ஆட்களைக் கொண்டு நிறுவனம் நடத்தலாம். எனவே ஒவ்வொரு விதிக்கும் பண மதிப்பு உண்டு.

இத்தகைய விமானியர் சங்கமான ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன் 1931இல் தோன்றியது. 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமானத் துறைக்கு நீட்டிக்கப்பட்டது. இச்சட்டப்படி ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. திருத்தத்துக்குரிய தேதி கடந்தும் பழைய விதிகளே தொடர்வதால் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீள்வதுண்டு. 2022இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் 14 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஊதிய உயர்வு தந்த ஒப்பந்த வரைவைப் பெருவாரியாக நிராகரித்தனர்.

ஓய்வு ஒப்பந்தத்தை மட்டும் சார்ந்ததல்ல: 2009 கோல்கன் ஏர் விமான விபத்தையடுத்து வகுக்கப்பட்டு, 2014இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு விதிகள் பணிக்கு முன் 10 மணிநேர ஓய்வைக் கட்டாயமாக்கின. சரக்கு விமானச் சேவைகளுக்கு இவை கட்டாயமாக்கப்படாதது பெருங்குறை. அங்கே களைப்புக்கு எதிரான காப்பு பெரிதும் ஒப்பந்தத்தையே சார்ந்துள்ளது.