திருமங்கலம் வட்டாரத்தில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டல்

ஒரே பேற்றில் பிறந்த இரு குழந்தைகளுக்கும் தாய் ஒருத்தியே தன் பாலைக் கொடுத்து வளர்ப்பது இரட்டையர் பாலூட்டல் ஆகும். மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருமங்கலத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இரட்டைப் பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, "ரெண்டுக்கும் பால் பத்துமா?" என்பதே. வீட்டுப் பெரியவர்கள், மருத்துவச்சிகள், பால்மாவு நிறுவனங்கள், மருத்துவமனைகள் ஆகியோர் இக்கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடை சொல்லி வந்துள்ளனர். பத்தாது என்று முடிவு கட்டிய வீடுகளில் ஒரு குழந்தை தாயின் மடியிலும் மற்றது வேறு பாலிலும் வளர்ந்தது. அந்த இரண்டாவது குழந்தைக்குக் கிடைத்த பால் எது என்பதே இப்பொருளின் வரலாறு.

பால் ஊறும் முறை

தாயின் உடலில் பால் முன்கூட்டியே அளந்து வைக்கப்படுவதில்லை. குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்ற இயக்குநீர் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் அதை வெளியேற்றுகிறது. மார்பு எந்த அளவுக்கு வெறுமையாகிறதோ அந்த அளவுக்கு அடுத்த பால் விரைந்து ஊறும். ஊறிய பால் தேங்கி நின்றால் சுரப்பு குறையும். இந்தக் கணக்கு இரு மார்புக்கும் தனித்தனியானது. இரண்டு வாய்கள் சப்பினால் இரண்டு வாய்களுக்கு உரிய பால் ஊறுவதற்கு இதுவே காரணம்.

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், இரட்டையரின் தாய்மார் சிலர் நாளொன்றுக்கு 2 கிலோகிராமுக்கும் மேலாகப் பால் சுரந்தது அளந்து காட்டப்பட்டது. ஒற்றைக் குழந்தையின் தாய்க்குச் சராசரி அளவு முக்கால் லிட்டர் முதல் 800 மில்லிலிட்டர் வரை. ஆக, உடலைப் பொறுத்தவரை பெரும்பாலான தாய்மாருக்கு "பத்தும்" என்பதே விடை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரம் நிறையும் முன்பே பிறக்கின்றனர். சப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கிணைக்கும் திறன் ஏறத்தாழ 34ஆம் வாரத்தில்தான் குழந்தைக்குக் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தை மார்பைப் பற்றினாலும் போதிய அளவு இழுக்காது. இழுக்காத மார்பில் பால் குறையும். குறைந்ததைக் கண்டு வீட்டார் வேற்றுப் பாலைப் புகட்டுவர். புகட்டியதால் குழந்தை இன்னும் குறைவாகச் சப்பும். பால் பத்தாமை பெரும்பாலும் இப்படி முதல் இரண்டு வாரங்களில் உருவாக்கப்படுவதே தவிர, பிறவியில் வருவதன்று.

செவிலியும் முலைத்தாயும்

பெற்றவள் அல்லாத ஒருத்தி பால் கொடுத்து வளர்ப்பது தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. அகப்பாடல்களில் பெற்ற தாய் நற்றாய் எனவும் வளர்த்த தாய் செவிலி எனவும் பிரித்துச் சொல்லப்படுகின்றனர். செவிலியின் மகளே தோழி என்கிறது தொல்காப்பியம். தலைவியும் தோழியும் ஏறத்தாழ ஒரே வயதினர். ஒரே மடியில் வளர்ந்தவர்கள். ஒரு பெண் தன் குழந்தையோடு இன்னொரு குழந்தையையும் சேர்த்து வளர்த்த வழக்கமே அந்த நட்பின் அடிப்படை எனலாம். பின்னாளில் ஐவகைத் தாயரை எண்ணும்போது பாராட்டும் தாய், ஊட்டும் தாய், கைத்தாய், செவிலித்தாய் ஆகியோருடன் முலைத்தாயையும் தனியே வைத்தனர். இன்று மேடையில் சொல்லத் தயங்கும் இச்சொல்லைப் பழைய தமிழ் எந்தக் கூச்சமும் இல்லாமல் ஆண்டது.

ஆனால் செவிலி வைத்துக்கொள்வது வசதி படைத்தோர் வழக்கம். புறநானூற்றில் குமணனை நாடிச் சென்ற பெருந்தலைச் சாத்தனாரின் பாட்டில் (164) தெரிவது வேறொரு வீடு. அங்கே அடுப்பு எரியவில்லை. தாயின் மார்பில் பால் இல்லை. சப்பிப் பார்த்த குழந்தை அழுகிறது. வறுமையின் அளவைச் சொல்லப் புலவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் வற்றிய மார்பு.

மதுரைக்கே உரிய கதை ஒன்றும் உண்டு. திருவிளையாடற் புராணத்தில் பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த படலம் என ஒரு படலம் இருக்கிறது. வையைக் கரையில் உள்ள குருவிருந்த துறையில் பெற்றோரை இழந்து பொறுப்பின்றித் திரிந்த உடன்பிறந்தார் பன்னிருவர், தவத்தில் இருந்த வியாழ பகவானுக்குத் தீங்கு செய்து, பன்றிக்குட்டிகளாகப் பிறக்கச் சாபம் பெறுகின்றனர். பாண்டியன் ஆடிய வேட்டையில் தாய்ப்பன்றி இறந்துபோகப் பன்னிரண்டு குட்டிகளும் பசியால் கதறுகின்றன. சோமசுந்தரர் தாய்ப்பன்றி வடிவெடுத்து வந்து பால் கொடுக்கிறார். குருவிருந்த துறை இன்று குருவித்துறை எனப்படும் சோழவந்தான் பக்கத்து ஊர். அரசு, அறம் என எத்தனையோ பேசும் புராணத்தில், கடவுள் செய்த விளையாட்டுகளுள் ஒன்றாகப் பல குட்டிகளுக்குப் பாலூட்டியதும் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது.

பன்றிக்குட்டிகள் பிறந்த சில நாட்களில் ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொண்டு அதையே தொடர்ந்து குடிப்பவை. இரட்டையரின் தாய்மாரிலும் சிலர் வலப்பக்கம் ஒன்றுக்கு, இடப்பக்கம் மற்றதற்கு என்று ஒதுக்கிவிடுவர். ஒன்று வலுவாகவும் மற்றது மெதுவாகவும் சப்பினால், மெலிந்த குழந்தையின் பக்கம் பால் குறைந்துகொண்டே போகும். பக்கத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும்படி மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வலுவான குழந்தை இறக்கிவைத்த பாலை மெலிந்தது அடுத்த முறை எளிதாகக் குடிக்கும்.

வீட்டு வழக்கங்கள்

இரட்டை வாழைப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று இளம்பெண்களைத் தடுப்பது தமிழகம் எங்கும் உள்ள நம்பிக்கை. அந்தத் தடையிலேயே இரட்டைப் பிள்ளை ஒரு சுமை என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது.

தென்மாவட்டங்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். இரட்டையரைப் பெற்றவளுக்கு இது பெரும் உதவி; அம்மாச்சியின் இரண்டு கைகளும் அங்கே கிடைக்கும். பூண்டு, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு எனப் பால் ஊறுவதற்கென்றே ஒரு சமையல் உண்டு. சித்த மருத்துவத்தில் அம்மான் பச்சரிசியும் தண்ணீர்விட்டான் கிழங்கும் பால்பெருக்கிகளாகச் சொல்லப்படுகின்றன. இவற்றில் மருந்தின் பங்கு எவ்வளவு என்பது ஒருபுறமிருக்க, பெற்றவளுக்கு யாரோ ஒருவர் கவனித்துச் சமைத்துப் போட்டதே பாதிப் பயன். பாலூட்டும் தாய்க்குக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவை. இரண்டு குழந்தை என்றால் கூலி வேலைக்குப் போகிறவளின் ஒரு நாள் உணவில் ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடுதல் தேவை.

இதே வீட்டில் நேர்எதிரான வழக்கமும் இருந்தது. பச்சை உடம்புக்காரி என்று சொல்லித் தாகத்துக்குக்கூடத் தண்ணீரை அளந்து கொடுப்பதும், பத்தியம் என்ற பெயரில் பழம், பருப்பு, காய்களை விலக்குவதும் உண்டு. பிறந்ததும் வீட்டில் நல்ல பெயர் எடுத்த ஒருவரைக் கொண்டு சேனை வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவுவர். சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றிய வீடுகளும் இருந்தன. சீம்பால் அளவில் சில தேக்கரண்டிதான். நோய் எதிர்ப்புப் பொருட்கள் அதில்தான் மிகுதி. எடை குறைந்த இரட்டையருக்கு அது இல்லாமல் போவது ஒற்றைக் குழந்தைக்கு இல்லாமல் போவதைவிடப் பெரிய இழப்பு.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் பூக்கும் மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது தமிழ்ப் பெண்களின் பழைய கைமருத்துவம். குழந்தை இறந்து பால் கட்டிக்கொண்ட தாய்க்கு இப்படிச் செய்வர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதை மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து, பூ உண்மையிலேயே பாலைக் குறைப்பதை 1988இல் வெளியிட்டனர்.

பாலாடை

சப்பத் தெரியாத குழந்தைக்குப் பால் புகட்டத் தமிழ் வீடுகளில் இருந்த கருவி பாலாடை. சிறு கிண்ணத்தில் ஒருபக்கம் மூக்கு நீண்டிருக்கும் இதைச் சங்கு என்றும் சொல்வர். வெள்ளி, வெண்கலம், எவர்சில்வர் எனப் பல உலோகங்களில் செய்யப்பட்டது; வசதிக்கு ஏற்பத் தாய்மாமன் சீரில் வெள்ளிப் பாலாடை வரும். மருந்து கொடுக்கவும், பசும்பால் புகட்டவும் பயன்பட்ட இந்தச் சிறு பாத்திரம் பிறகு மருத்துவமனைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குள் நுழைந்தது. கிண்ணம், புட்டி, பாலாடை ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட இந்திய ஆய்வு ஒன்று 1999இல் வெளிவந்தது. குறைந்த நேரத்தில் அதிகப் பாலைக் குழந்தைகள் பாலாடையில்தான் குடித்தன. குடிக்கும்போது அமைதியாகவும் இருந்தன. இன்று பாலாடை என்ற சொல் அப்படியே ஆங்கில மருத்துவ நூல்களில் வழங்குகிறது.

இரட்டையரைப் பொறுத்தவரை பாலாடையின் பயன் தனித்தன்மை வாய்ந்தது. தாய் தன் பாலைப் பீய்ச்சி எடுத்து, சப்ப முடியாத குழந்தைக்கு வீட்டார் ஒருவரைக் கொண்டு புகட்டலாம். அதே நேரம் மற்றக் குழந்தை மடியில் குடிக்கும். புட்டியின் ரப்பர்க் காம்பில் பழகிய குழந்தை பிறகு மார்பை மறுப்பதுண்டு. பாலாடையில் அந்தத் தொல்லை குறைவு. கழுவிக் கொதிநீரில் போட்டு எடுப்பதும் எளிது.

புட்டியும் இரண்டாவது குழந்தையும்

தாய்ப்பால் பத்தாது என்று தீர்மானித்த வீடுகள் பசும்பாலையும் ஆட்டுப்பாலையும் தண்ணீர் கலந்து கொடுத்தன. தெருவில் கழுதையை ஓட்டிவந்து கறந்து கொடுப்போரிடம் சங்களவு வாங்கிப் புகட்டுவதும் உண்டு. டின்னில் வந்த பால்மாவு பரவியபோது அது நாகரிகத்தின் அடையாளம் ஆயிற்று. இரட்டையர் அந்த வணிகத்துக்கு எளிதில் வசப்பட்டனர். ஒற்றைக் குழந்தையின் தாயிடம் விற்பதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இரட்டையரின் தாயிடம் காரணம் கண்முன்னே இரண்டாகப் படுத்திருந்தது.

இதன் விளைவைக் காட்டும் புகழ்பெற்ற படம் பாகிஸ்தானில் எடுக்கப்பட்டது. இஸ்லாமாபாத் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்த ஒரு தாயின் இருபுறமும் இரட்டையர். ஆண்குழந்தை கொழுகொழுவென இருக்கிறது. பெண்குழந்தை எலும்பும் தோலுமாக, அருகே பால்புட்டியோடு கிடக்கிறது. இருவருக்கும் பால் பத்தாது என்று மாமியார் சொன்னதால் பெண்ணைப் புட்டிக்கு மாற்றியிருந்தனர். மறுநாள் அக்குழந்தை இறந்தது. யூனிசெப் நிறுவனம் அப்படத்தை உலகெங்கும் கொண்டுசென்றது.

இதைத் திருமங்கலத்துக்குத் தொடர்பில்லாத வெளிநாட்டுச் செய்தியாக ஒதுக்க முடியாது. உசிலம்பட்டி முன்பு திருமங்கலம் தாலுகாவுக்குள் இருந்த ஊர். அப்பகுதியின் பெண்சிசுக்கொலை 1986இல் 'இந்தியா டுடே' இதழின் அட்டைக் கட்டுரையாக வந்தபோது எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் நாடெங்கும் அறிந்த சொற்கள் ஆயின. தாய்ப்பால் போக வேண்டிய வாயில் செடியின் பால் போனது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரை உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெண்ணுக்கு எது கொடுத்தாலும் போதும் என்ற எண்ணம் இருந்த இடத்தில், ஆணும் பெண்ணுமாய்ப் பிறந்த இரட்டையரில் புட்டி யாருக்குப் போகும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பால்மாவு விளம்பரத்துக்கு எதிராக உலக நலவாழ்வு அமைப்பு 1981இல் நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992இல் சட்டம் இயற்றி, 2003இல் அதைக் கடுமையாக்கியது.

மருத்துவமனையும் பால் வங்கியும்

முலைத்தாயின் இடத்தை இன்று பால் வங்கி எடுத்துக்கொண்டிருக்கிறது. வியன்னாவில் 1909இல் தொடங்கிய இம்முறையை ஆசியாவில் முதலில் கொண்டுவந்தது மும்பையின் சயான் மருத்துவமனை. 1989இல் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அங்கு வங்கியை நிறுவினார். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் பின்னர் தாய்ப்பால் வங்கிகள் திறக்கப்பட்டன. முன்பு எர்ஸ்கின் மருத்துவமனை எனப்பட்ட மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் அவற்றுள் ஒன்று. திருமங்கலம் பக்கத்துச் சிற்றூரில் குறைமாதத்தில் இரட்டையர் பிறந்தால் பெரும்பாலும் கொண்டுபோகப்படும் இடம் அதுதான்.

கொடை தருபவர்கள் பெரும்பாலும் அதே வார்டில் பால் மிகுதியாக உள்ள தாய்மார். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மேகநோய் ஆகியவற்றுக்குச் சோதித்த பிறகே பால் பெறப்படும். அதை 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமி உள்ளதா எனப் பார்த்து, உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் வைப்பர். சூட்டில் சில நன்மைகள் குறையும்; எனினும் குறைமாதக் குழந்தையின் குடலுக்குப் பால்மாவைவிட இது பாதுகாப்பானது. தாய்க்குப் பால் ஊறும்வரை சில நாட்களைக் கடத்தவே இப்பால். அந்த நாட்களிலும் அவள் இரவு உட்பட மூன்று மணிக்கொரு முறை பீய்ச்சி எடுக்கவேண்டும்; இல்லாவிட்டால் வங்கிப் பால் முடியும்போது அவளிடமும் பால் இருக்காது.

எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் சேர்த்துக் கட்டும் கங்காரு முறை 1970களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்தது. இரட்டையரில் ஒன்றைத் தாயும் மற்றதைத் தந்தையோ அம்மாச்சியோ கட்டிக்கொள்ளலாம். இருவருக்கும் ஒரே நேரத்தில் பாலூட்ட, தாயின் இரு பக்கமும் தலையணை வைத்து, குழந்தைகளின் கால்கள் அவள் அக்குளுக்கு அடியில் பின்னோக்கி இருக்குமாறு படுக்கவைப்பர். அறுவைப் பேற்றுக்குப் பிறகு தையல் மேல் பாரம் விழாது என்பதால் இம்முறை அத்தகைய தாய்மாருக்கு ஏற்றது.

2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பரிசோதனைக்காக மதுரைக்குப் போய்த் திரும்பும் இரட்டையரின் தாய்க்குக் கதவுள்ள அறையும் ஓர் இருக்கையும் மட்டும் போதாது. ஒன்றுக்குக் கொடுக்கும்போது மற்றதை வாங்கிக்கொள்ள உடன் ஓர் ஆள் வேண்டும்; பெண்களுக்கு மட்டுமான அந்த அறைக்குள் தந்தை வர முடியாது என்பதால், பெரும்பாலும் அந்த ஆள் அம்மாச்சியாகவே இருக்கிறார்.