‘பிபி இருக்கா, அலட்டிக்காதே’: இந்த அட்வைஸ் எங்கிருந்து வந்தது?

(ஒலிபரப்பான பகுதியிலிருந்து சுருக்கித் தொகுத்தது)

ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் மெசேஜிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவருக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. பெரம்பலூர் மாவட்டம், வெள்ளாற்றங்கரை. ஆற்றைத் தாண்டினா கடலூர் மாவட்டம். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியான்னு காலங்காலமா சம்பாதிக்கப் போற ஊர். இவரோட அத்தாவும் இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துட்டு இப்போ ஊரோட வந்துட்டார். பிபி மாத்திரை சாப்பிடுறார். ஜிம்மில் சேரணும்னு ஆசை. வீட்டுப் பெரியவங்க, ‘பிபி இருக்கிறவன் உடம்பை அலட்டிக்கக் கூடாது’ங்கிறாங்க. டிரெய்னர் தம்பியோ, ‘ஒண்ணும் ஆகாது அங்கிள், வெயிட் போட்டா தானா இறங்கிடும்’கிறார். யார் சொல்றது சரி?

பெரியவங்களைக் கிண்டல் பண்ண வேண்டாம். அவங்க சொல்றது ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான்.

1944 மார்ச். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை ஹோவர்ட் புரூயன்ங்கிற இளம் இதய மருத்துவர் பரிசோதிக்கிறார். பிபி 186/108. அன்னைக்கு அவர் எழுதிக் கொடுக்க முடிஞ்சது என்ன? ஓய்வு, உப்பைக் குறை, சிகரெட்டைக் குறை, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ். அவ்வளவுதான். ரத்த அழுத்தத்தைப் பத்திரமா இறக்குற மாத்திரைன்னு அப்போ உலகத்தில் எதுவும் இல்லை. அடுத்த வருஷம் ஏப்ரல் 12, மூளையில் ரத்தக்கசிவு. அப்போ எடுத்த அளவு 300/190. உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்த மனுஷனுக்கே அதுதான் வைத்தியம்.

இதில் ஒரு கூத்து உண்டு. அவரோட நிரந்தர டாக்டர் ராஸ் மெக்கின்டயர், காது மூக்கு தொண்டை நிபுணர். அதிபர் நல்லா இருக்கார்னே வெளியில் சொல்லிட்டிருந்தார். தப்பான துறையில் தேர்ந்தவரை நம்பினா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியலை.

மருந்து இல்லாத காலத்தில் ‘அசையாதே’ன்னு சொன்னது புரியுது. அது எப்போ மாறுச்சு?

லண்டன் டபுள் டெக்கர் பஸ்ஸில். 1953-ல் ஜெரி மோரிஸ் ‘லான்செட்’ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே ரூட். டிரைவர் நாள் பூரா உட்கார்ந்திருக்கார், கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிட்டே இருக்கார். இதய நோய் கண்டக்டருக்குக் குறைவு. ‘டிரைவரா சேருறவங்க ஆரம்பத்திலேயே குண்டா இருந்தாங்களோ?’ன்னு சந்தேகம் வந்தப்போ, மோரிஸே போய் யூனிஃபார்ம் பேன்ட்டோட இடுப்பளவுக் கணக்கைத் தேடி எடுத்தார். டிரைவர்களுக்கு இடுப்பு பெரிசுதான். அதையும் மறைக்காம எழுதினார். ஆனா அதுக்கப்புறம் வந்த ஆய்வுகளும் ‘நட, அசை’ன்னுதான் சொல்லிச்சு. 1969-ல் நம்ம பம்பாய் டாக்டர் கே.கே. தாத்தே, பிபி நோயாளிகள் 47 பேருக்குச் சவாசனம் பழக்கி, பலருக்கு அழுத்தம் குறைஞ்சதா எழுதினார். ஓய்வும் முழுசா தோத்துப் போகலை!

ஆக, நடைக்கு அனுமதி வந்தாச்சு. வெயிட்?

இங்கேதான் டிரெய்னர் தம்பி சொன்னதைக் கவனமா பார்க்கணும். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். மெக்டூகலும் கூட இருந்தவங்களும் ஐந்து பாடிபில்டர்களோட கைத் தமனிக்குள்ளேயே குழாய் சொருகி, அவங்க வெயிட் தூக்கும்போது அழுத்தத்தை அளந்தாங்க. ரெண்டு காலாலும் பாரத்தை மூச்சு முட்டத் தள்ளுறப்போ சராசரி 320/250. ஒருத்தருக்கு 480/350. 1985-ல் வெளியான ஆய்வு. இவங்க எல்லாம் ஆரோக்கியமான வாலிபர்கள். எண்ணிக்கை முடிஞ்ச சில நொடிகளில் அழுத்தம் இறங்கிடுச்சு. ஆனா ஏற்கெனவே 170-ல் நிக்கிற ஐம்பத்தஞ்சு வயசு ரத்தக்குழாய் அந்தச் சில நொடியைத் தாங்குமா?

ஏன் அப்படி எகிறுது? இறுகின தசை ரத்தக்குழாயை நசுக்குது, அது ஒண்ணு. இன்னொண்ணு, பாரம் கூடும்போது நாம தன்னை அறியாம மூச்சை அடக்கி முக்குறோம். இதுக்கு வல்சால்வா முறைன்னு பேரு. 1704-ல் இத்தாலிய டாக்டர் வல்சால்வா, காதில் சேர்ந்த சீழை வெளியேத்த எழுதின வழி அது. பாருங்க, மறுபடியும் காது!

அதனால வெயிட்டே கூடாதா? அப்படி இல்லை. டாக்டர் சரின்னு சொன்னபிறகு, குறைஞ்ச எடை, கூடுதல் எண்ணிக்கை, தூக்கும்போது மூச்சை வெளியே விடணும், கடைசி எண்ணிக்கை வரைக்கும் முக்கக் கூடாது. முடிச்சதும் தொப்புனு உட்காராம அஞ்சு பத்து நிமிஷம் மெதுவா நடக்கணும், இல்லேன்னா அழுத்தம் சட்டுனு இறங்கித் தலை சுத்தும். கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்த அளவு 180/110-ஐத் தாண்டியிருந்தா அன்னைக்கு ஜிம் இல்லை, டாக்டர்தான். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தா நிறுத்தியே ஆகணும். ‘இன்னும் ரெண்டே ரெண்டு’ன்னு கத்துறவர் பக்கத்தில் இருந்தாலும்.

கத்துறவர் யாருங்கிறதுதான் அடுத்த விஷயம். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறதுக்கே படிப்பு வேணும்ங்கிற எண்ணம் நம்ம ஊருக்குப் புதுசில்லை. 1920-லேயே ஹாரி குரோ பக்ங்கிற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிட்டார். இன்னைக்கும் நந்தனத்தில் இருக்கு. நம்ம பி.டி. வாத்தியார்கள் அந்த வழியில் வந்தவங்க. வாத்தியார் வேலைக்குப் பட்டம் கேட்கிறோம். ஜிம் டிரெய்னருக்கு டாக்டர்களுக்கு இருக்கிற மாதிரி ஒரு கவுன்சிலோ பதிவு எண்ணோ கிடையாது. நல்ல உடம்பும் ஒரு டி-ஷர்ட்டும் போதும்னு ஆகிப்போச்சு. உடற்கல்விப் பட்டம், அங்கீகாரமுள்ள பயிற்சிச் சான்றிதழ், முதலுதவி, சி.பி.ஆர். இதெல்லாம் இருக்கான்னு வெட்கப்படாம கேளுங்க. எத்தனை நாள் கோர்ஸ்னும் கேளுங்க.

அவர் உங்களைக் கேட்கிறாரான்னும் பாருங்க. 1970-களில் கனடாவில் ஏழே கேள்வியில் ஒரு படிவம் தயாரிச்சாங்க, பார்-க்யூன்னு பேரு. இதய நோய் உண்டா, நெஞ்சுவலி வருமா, மயக்கம் வருமா, பிபிக்கு மாத்திரை சாப்பிடுறீங்களான்னு போகும். பீஸை வாங்கிட்டு நேரா டிரெட்மில்லில் ஏத்துறவரைவிட, முதல்ல இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்தான் எனக்கு டிரெய்னர். ‘டாக்டர் சீட்டு வாங்கிட்டு வாங்க அண்ணே’ன்னு திருப்பி அனுப்பினா கோவிச்சுக்காதீங்க.

மாத்திரை எதுன்னு தெரிஞ்சுக்கிறதும் அவர் வேலை. அட்டெனோலால், மெட்டோபுரோலால் மாதிரி ‘லால்’னு முடியிற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நாடித்துடிப்பையே மட்டுப்படுத்தும். 150 வரைக்கும் ஏத்துங்கன்னு ஸ்மார்ட் வாட்ச்சைக் காட்டினா அந்த உடம்பு ஏறாது. ஏத்தப் பார்த்தா ஆபத்து. அவங்களுக்கு அளவு வாட்ச் இல்லை, பேச்சுதான்: நடக்கும்போது பேச முடியணும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கணும். மாத்திரை உடம்புக்குப் பழகியிருக்கேன்னு அதைத் தானா நிறுத்துறதும் கூடாது. அளவு இறங்கினா குறைக்கிறது டாக்டர்.

ஜிம்முக்குத்தான் போகணும்னு இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுக்கிறாங்க. 2023 நவம்பர் 4-ம் தேதி மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு எட்டு கிலோமீட்டர் நடைபாதையும் தொடங்கினாங்க. அத்தா முதல் ரெண்டு மூணு மாசம் காலையில் நடக்கட்டும், தினம் அரை மணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாள். அளவை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். டிரெய்னரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டும் மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.